பதினேழாம் துளை

பி.ப. 3.48. போயா தினம், பௌர்ணமி விடுமுறை.

இப்ஹாம் சேர்வர் அறையின் கதவைத் திறந்தபோது குளிர்தான் முதலில் வந்தது. அதன் பின்னால் மூத்திர வாடை.

இரண்டு இரும்பு அடுக்குகளுக்கு நடுவே சேந்தன் மல்லாந்து கிடந்தான். கண் வெள்ளையில் இரத்தம் பரவியிருந்தது. நாக்கு பற்களுக்கிடையில் கடிபட்டிருந்தது. அடுக்கின் மூலையில் மோதிப் பின்மண்டை பிளந்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கருநீலக் கோடு. பென்சில் பருமன்கூட இல்லை.

இப்ஹாம் செய்யக்கூடாததைச் செய்தான். அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உலுக்கினான். பொலிஸ் வந்தபோது அவன் சட்டை முழுவதும் சேந்தனின் இரத்தம்.

பேராதனை வீதியில் மூன்றாம் மாடி அது. கீழே சப்பாத்துக் கடை, நடுவே டியூஷன் நடக்கும் டியூட்டரி, மேலே சேந்தனும் இப்ஹாமும் வேலை செய்த யோகேந்திரனின் நிறுவனம். விடுமுறை என்பதால் மூன்றும் பூட்டு. கண்டியைச் சுற்றியுள்ள ஏழு தனியார் மருத்துவ நிலையங்களின் பதிவுகள் இந்த ஓர் அறைக்குள் இருந்தன. பிரைவேட் கிளவுட் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நேரில் பார்த்தால் இரண்டு பெரிய சேர்வர்கள், நடுவே இருபத்துநாலு துளைகள் கொண்ட ஒரு ஸ்விட்ச். ஒவ்வொரு சேர்வரின் வயிற்றிலும் பல மெய்நிகர் கணினிகள் ஓடின. கையால் தொட முடியாதவை, ஆனால் தனித்தனிக் கணினிகளாகவே வேலை செய்பவை. மொத்தம் பதினொன்று என்று சுவரில் ஒட்டிய பட்டியல் சொன்னது. சேந்தனின் கையெழுத்து.

பி.ப. 4.40.

உப பொலிஸ் பரிசோதகர் சத்தியபாமா படியேறி வந்தாள். கணினிக் குற்றப் பிரிவு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், கண்டிக்கு வந்து எட்டு மாதம். பொறுப்பதிகாரி ஹேரத் அதற்குள் முடிவெடுத்துவிட்டிருந்தார். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள்.

"கதவில் விரல் பதிக்கும் இயந்திரம் இருக்கிறது," என்றார் ஹேரத். "இன்று இரண்டே பெயர். செத்தவன் 1.52க்கு. இவன் 3.48க்கு. நேற்று இவன் செத்தவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான், கழுத்தை நெரிப்பேன் என்று. இன்னும் என்ன வேண்டும்?"

"டொக்டர் என்ன சொன்னார், சேர்?"

"இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் செத்திருக்கலாமாம்."

"இவன் வந்தது 3.48க்கு."

"அது இரண்டாம் தடவை. முதலில் வந்தபோது செத்தவனே கதவைத் திறந்துவிட்டிருப்பான். கொன்றுவிட்டுப் போய், கண்டுபிடிக்கிறவன்போல நடிக்கத் திரும்பி வந்தான்."

சத்தியபாமா கதவைப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் திறக்கும். வெளியே போக விரல் தேவையில்லை.

"அப்படியானால் யாருக்கும் திறந்துவிட்டிருக்கலாம். அந்த இயந்திரம் ஒன்றையும் நிரூபிக்கவில்லை, சேர்."

ஹேரத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கழுத்தை நெரித்த கயிறு எங்கே?" என்று கேட்டாள்.

"அறையில் இல்லை. இவன் காட்டுவான். இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அதற்குள் காட்டுவான்."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. அந்த நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பி.ப. 4.55. ஜீப்பின் பின்னிருக்கை.

இப்ஹாமுக்கு இருபத்தேழு வயது. விலங்கிட்ட கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். காய்ந்த இரத்தம் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே உள்ளங்கைத் தோல் வெளுப்பாக, கீறல் இல்லாமல் இருந்தது.

"என்ன நடந்தது? முதலில இருந்து சொல்லுங்கோ."

"2.40க்குத் தெல்தெனிய கிளினிக்குலேர்ந்து கோல் வந்த மிஸ். டொக்டர் எழுதுற மருந்து பார்மசிக்குப் போகல்ல எண்டு."

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"அக்குறணையில. ஊட்டுல."

"ஆர் சாட்சி?"

"ம்மா. அவங்க தூங்கிட்டு ஈந்தாங்க."

"பிறகு?"

"லெப்டொப்பத் தொறந்தேன். மருந்து மெசினும் அதே சேர்வர்ல ஈக்கிற மத்த மெசினும் நல்லாக் கதைக்குது. அடுத்த சேர்வர்ல ஈக்கிற நோயாளர் மெசினக் கூப்பிட்டா பதில் இல்ல. ஃபயர்வோல நிப்பாட்டிப் பாத்தேன். ரீஸ்டார்ட் பண்ணினேன். ஒண்டும் சரிவரல்ல."

"ஸ்விட்சைப் பாக்கேல்லையா?"

"அதுட பாஸ்வேர்ட் சேந்தன்கிட்டயும் பொஸ்கிட்டயும் மட்டும்தான். சேந்தனுக்குப் பதினாலு கோல் எடுத்தேன். மூணு மணிக்கு பைக்கில ஏறினேன். கட்டுகஸ்தோட்டையில போயாச் சனம்."

"கழுத்தை நெரிப்பன் எண்டு ஏன் எழுதினனீங்கள்?"

இப்ஹாம் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ட புரியாணிப் பார்சலத் திண்டுட்டார் மிஸ். கோழிக்கால் ரெண்டும்." சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

பி.ப. 6.10.

யோகேந்திரன் வந்தார். நிறுவனத்தின் சொந்தக்காரர். நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் தாமே பொறியியலாளராக இருந்தவர். தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் மலையேறிப் போகவேண்டிய மடுல்கெல்லையில் குளிர் என்றார். கொன்ஸ்டபிள் நீட்டிய தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளின் விரல் நுனிகளாலும் வாங்கிக்கொண்டார்.

"சேந்தனோட கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?"

"முந்தாநாள். இங்கதான்."

"இண்டைக்கு?"

"இல்லை. ஃபோன்கூட இல்லை. விடியவே மடுல்கெல்லைக்கு வெளிக்கிட்டுட்டன். சிநேகிதன்ர பங்களா. அவன் கொழும்பில. சாவி என்னட்டை."

"கனெக்‌ஷன் அறுந்தது தெரியுமோ?"

யோகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று மாலை முதல் தடவையாக அவர் முகத்தில் உயிர் வந்தது.

"தெரியுமோவா? சரிப்படுத்தினதே நான்தான். தெல்தெனிய டொக்டர் எனக்கும் அடிச்சவர். இந்தப் பெடியன் இருபது நிமிசமா எல்லாத்தையும் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் 3.21க்கு ஃபோனிலேயே உள்ள போனன். ஒரு நிமிசம். முடிஞ்சுது."

"என்ன பிழை?"

"ஸ்விட்சில ஒரு போர்ட் வேற குழுவில கிடந்தது. மாத்திவிட்டன். இருபது வருச அனுபவம், தங்கச்சி. பொலிசில உதெல்லாம் படிப்பிக்கினமோ?"

"கொஞ்சம்."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள். மு.ப. 8.05.

திலீபன் கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸில் பேராதனைக்கு வந்து, அங்கிருந்து ஓடிவந்திருந்தான். வயர் இழுப்பவன், துளை பார்ப்பவன், நிறுவனத்தின் ஒரே தொழில்நுட்பவியலாளன். முதல்நாள் தங்கையின் பிள்ளைக்குக் காது குத்து. நாற்பது பேர் சாட்சி.

"வாங்க மேடம். எதையும் தொடக்கூடாதுன்னாங்க. தொடாம நெட்வேர்க் பாக்குறது, வாய்ல வைக்காம சோறு திங்கிற மாதிரி."

"தொடாமலே சொல்லுங்கோ. நேற்று பக்கத்து மெசினோட கதைச்சுது, அடுத்த சேர்வரோட கதைக்கேல்லை. ஏன்?"

திலீபன் தலையைச் சொறிந்தான்.

"தோட்டத்து லயம் தெரியுமா மேடம்? ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒட்டுன வீடுங்க. ஒரே லயத்துல பக்கத்துக் காம்பராவோட பேசணும்னா செவுத்தத் தட்டுனாப் போதும். ரோட்டுக்கு வரத் தேவையில்ல. ஒரே சேர்வருக்குள்ள இருக்கிற மெசினுங்க அப்படித்தான். அடுத்த லயத்துக்குப் போகணும்னாத்தான் வெளிய எறங்கணும். அந்த ரோடு இந்த நீல வயர். சேர்வர்லேருந்து ஸ்விட்சுக்கு."

"வயர் செருகித்தானே இருக்கு. பச்சை விளக்கும் எரியுது."

"இருக்குங்க. ஆனா..." அவன் குனிந்தான். நெற்றி சுருங்கியது. "இது ஆறாம் நம்பர்ல இருந்த வயருங்க. நாந்தான் போட்டேன். இப்ப பதினேழுல இருக்கு. பன்னெண்டு வரைக்கும் ஒரு டிவிஷன், மருத்துவம். அதுக்கு மேல வேற டிவிஷன். தப்பான டிவிஷன்ல எறங்குனா வெளக்கு எரியும். ஆனா நம்மாளு ஒருத்தனும் இருக்க மாட்டான்."

யோகேந்திரன் தந்திருந்த பாஸ்வேர்டால் சத்தியபாமா ஸ்விட்சின் பதிவைத் திறந்தாள். முதல்நாள் பிற்பகலில் இரண்டு வரி.

2.31.10. ஆறாம் துளை இணைப்பு அறுந்தது.

2.34.25. பதினேழாம் துளை இணைப்பு வந்தது.

"மூணு நிமிசம் பதினஞ்சு செக்கன்," என்றான் திலீபன். "ஒரு வயரக் கழட்டி மாட்ட அஞ்சு செக்கன் போதுமே. அவ்வளவு நேரம் என்னதான் பண்ணிக்கிட்டிருந்தாரு?"

அவள் டோர்ச்சை அடித்துப் பதினேழாம் துளையைப் பார்த்தாள். செருகியின் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் கபிலநிறக் கறை. பிடிநாக்கில் ஒற்றை மயிர் சிக்கியிருந்தது. வயரின் நடுப்பகுதி முறுகி, நீலத்தோல் நீண்டு வெளுத்திருந்தது.

விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ஏழு மருத்துவ நிலையங்களின் மருந்துச்சீட்டுகள் அந்த வயர் வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

அவள் இன்னும் இரண்டு காரியம் செய்தாள்.

ஒன்று, ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகளை எண்ணச் சொன்னாள். திலீபன் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"பன்னெண்டு ஓடுதுங்க. பட்டியல்ல பதினொண்ணுதான். இந்தக் கடைசிக்குப் பேரே இல்ல."

இரண்டாவது, முதல்நாள் யார் யார் என்னென்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதை அச்சடித்தாள். இப்ஹாமின் தாளில் அறுபத்துநாலு வரி. பிங், பிங், பிங். ஃபயர்வோல் நிறுத்தம். மறுபடி பிங். ரீஸ்டார்ட். ஒன்றுகூடச் சரியில்லை. யோகேந்திரனின் தாளில் இரண்டே வரி. 3.21.05க்கு உள்நுழைவு. 3.21.40க்குப் பதினேழாம் துளை மருத்துவக் குழுவுக்கு மாற்றம்.

"பாஸ்னா பாஸ்தான்," என்றான் திலீபன். "ஒரே அடி."

மு.ப. 9.30. நிலையம்.

படியில் ஏறும்போதே சத்தம் கேட்டது. கத்தல் அல்ல. கத்தி முடித்தபின் வருவது.

பின்னறையில் இப்ஹாமின் வலக்கை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருந்தது. ஒரு சார்ஜன்ட் லாச்சியை இடுப்பால் தள்ளிக்கொண்டு நின்றான். இரண்டு விரல்கள் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தன. நகக்கண்ணிலிருந்து இரத்தம் லாச்சிக்குள் இருந்த காகிதங்களில் சொட்டியது.

"கயிறு எங்கே?" ஹேரத் கதிரையில் சாய்ந்தபடி கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"ஆத்துல," என்றான் இப்ஹாம். "மகாவலியில. போட்டேன். கடையில ஈக்கி. ஊட்டுல ஈக்கி. எங்க எண்டு சொல்லுங்க, அங்க ஈக்கி எண்டு சொல்றேன்."

சத்தியபாமா லாச்சியைத் திறந்தாள். சார்ஜன்ட் ஹேரத்தைப் பார்த்தான்.

"கயிறு என்று ஒன்று இல்லை, சேர்," என்றாள். "நெரித்தது அந்த அறையில்தான் இருக்கிறது. கொன்றவன் அதைத் திரும்பச் செருகி வேலைக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறான். யோகேந்திரனை அங்கே வரச்சொல்லுங்கள். நீங்களும் வாருங்கள். அதுவரை இந்தக் கையை யாரும் தொடக்கூடாது."

"நீ எனக்குக் கட்டளை போடுகிறாயா?"

"இல்லை. நீதவான் இந்த விரல்களைப் பார்ப்பார். கொலைகாரனும் கிடைக்காமல் விரல்களும் உடைந்திருந்தால் உங்களுக்குத்தான் கரைச்சல்."

ஹேரத் தொப்பியை எடுத்தார்.

மு.ப. 10.20. சேர்வர் அறை.

ஹேரத்துக்குத் தமிழ் விளங்கும், பேசமாட்டார். சுவரில் சாய்ந்து நின்றார். வாசலில் ஒரு கொன்ஸ்டபிள். அடுக்கின் அருகே திலீபன். யோகேந்திரன் அதே ஜாக்கெட்டில், பைகளுக்குள் கைவைத்தபடி.

"ஐயா, நேற்று 3.21க்கு என்ன செய்தனீங்கள்?"

"சொன்னன்தானே. போர்ட்டை மாத்தினன்."

"எந்தப் போர்ட்?"

"பதினேழு."

"அதை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பதிவைப் பாத்தன். ஆறு அறுந்து பதினேழு வந்திருந்தது."

சத்தியபாமா தாளை நீட்டினாள்.

"நீங்கள் பதிவைத் திறக்கேல்லை. திறந்திருந்தால் இதில ஒரு வரி விழுந்திருக்கும். துளைகளின்ர நிலையைக் கேக்கேல்லை. ஒரு பிங்கூட அடிக்கேல்லை. உள்ள வந்தனீங்கள். முப்பத்தைஞ்சு செக்கனில இருபத்துநாலு துளையில பதினேழைத் தொட்டனீங்கள்."

"அனுபவம்."

"அனுபவசாலிதான் முதல்ல பிங் அடிக்கிறவர். இப்ஹாம் அறுபத்துநாலு தரம் பிழைவிட்டிருக்கிறான். என்ன நடந்தது எண்டு தெரியாதவன் அப்பிடித்தான் தேடுவான். நீங்கள் ஒரு பிழைகூட விடேல்லை. ஏனெண்டால் நீங்கள் தேடேல்லை."

யோகேந்திரன் உதட்டை நனைத்தார். "சேந்தன் சொல்லியிருப்பான், வயரை மாத்தினன் எண்டு."

"முந்தாநாளுக்குப் பிறகு கதைக்கேல்லை எண்டீங்கள். நேற்று 2.31 வரைக்கும் வயர் ஆறில இருந்தது. பதினேழுக்கு வந்த நேரம் சேந்தன் உயிரோட இல்லை. அதைப் பதினேழில செருகினவருக்கு மட்டும்தான் பதினேழு தெரியும்."

ஏசி இரைந்தது.

"பட்டியல்ல இல்லாத மெசின் ஒண்டு இங்க ஓடுது, காலமை திறந்து பாத்தன்," என்றாள். "நோயாளிகளின்ர பதிவுகள் அதுக்குள்ள பிரதி எடுபட்டிருக்கு. ஆருக்குக் கருக்கலைஞ்சது, ஆருக்கு என்ன நோய் வருத்தம். அதில இருந்துதான் மிரட்டல் கடிதங்கள் போயிருக்கு. தெல்தெனியவில சஞ்சீவனி எண்டு ஒரு ரீச்சர், மூண்டு கடிதம் வந்தபிறகு நஞ்சு குடிச்சவ, முறைப்பாடு எங்கட பிரிவில இருக்கு. சேந்தன் நேற்று ஆரும் இல்லாத நேரம் பாத்து 1.58க்கு அந்த மெசினைத் திறந்தவன். திறந்தவுடன அந்த மெசின் உங்கட ஃபோனுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கு. மடுல்கெல்லையில நிண்டிருந்தால் 2.31க்கு இங்க வந்து சேந்திருக்க ஏலாது. நீங்கள் கண்டியைவிட்டுப் போகவே இல்லை. வந்து தட்டினீங்கள், விரல் வைக்கேல்லை. பொஸ் எண்டு அவன் திறந்துவிட்டான்."

திலீபனின் வாய் திறந்திருந்தது.

"கைக்கு எட்டின வயரை ரெண்டு பக்கமும் உருவினீங்கள். மூண்டு நிமிசம் நெரிச்சீங்கள். அதுக்குப் பிறகு வயரை வெளியில எறியேல்லை. இணைப்பு இல்லாட்டி ஆரும் ஓடிவருவினம் எண்டு தெரியும். திரும்பச் செருகினீங்கள். அவசரத்தில வரிசை மாறிப்போச்சு. விளக்கு பச்சை எரிஞ்சது, வெளிக்கிட்டுட்டீங்கள். பிறகு டொக்டர் அடிச்சபோதுதான் பிழை விளங்கினது. கையைப் பையிலயிருந்து எடுங்கோ, ஐயா."

அவர் எடுத்தார். ஆனால் காட்டுவதற்கு அல்ல.

ஒரே பாய்ச்சலில் பதினேழாம் துளையிலிருந்து நீல வயரைப் பிடுங்கினார். மறுமுனை சேர்வரிலிருந்து அறுந்து வந்தது. குறுக்கே வந்த திலீபனின் தலைமயிரைப் பிடித்து அவன் முகத்தை இரும்புச் சட்டத்தில் அடித்தார். ஒரு தடவை. இரண்டாம் தடவை பல் தெறித்து நிலத்தில் ஓடியது. மூன்றாவதுக்கு ஓங்கினார். சத்தியபாமா அடுக்கில் சாத்தியிருந்த உருக்குச் சட்டத்தை எடுத்து அவருடைய வலது மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வயர் விழுந்தது. கூடவே அவரும் முழங்காலில் விழுந்தார்.

ஹேரத் அவருடைய கைகளை விரித்துப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்காகக் கருஞ்சிவப்புக் கோடு. பென்சில் பருமன்கூட இல்லை.

"என்ர பெடியன் அவன்," என்றார் யோகேந்திரன் நிலத்தைப் பார்த்தபடி. "நான்தான் அவனுக்கு எல்லாம் படிப்பிச்சனான். அழிச்சுவிடு எண்டு கெஞ்சினன். மாட்டன் எண்டான்."

திலீபன் வாயில் கைலேஞ்சியை அமுக்கிக்கொண்டு எழுந்தான். புது வயர் ஒன்றை எடுத்து ஆறாம் துளையில் செருகினான். அதற்குள் நாலு தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கியிருந்தன.

பி.ப. 12.15. நிலையம்.

மேசையில் இரண்டு சட்ட வைத்தியப் படிவங்கள். காவலில் இருந்த இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். காயம் எப்படி ஏற்பட்டது என்ற கட்டம் இரண்டிலும் வெறுமையாக இருந்தது.

ஹேரத் அவளெதிரே உட்கார்ந்தார். பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல வேலை செய்தாய்," என்றார். "கொழும்புக்கு எழுதுகிறேன். பதவி உயர்வு கிடைக்கும். அந்தப் பையன் படியில் விழுந்தான் என்று எழுது. அவனும் அப்படியே சொல்வான். வீட்டுக்குப் போகத்தானே அவனுக்கு அவசரம்."

வாங்குப் பலகையில் இப்ஹாம் உட்கார்ந்திருந்தான். வலக்கையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான்.

"இப்ஹாம், படியில விழுந்தனீங்களோ?" என்று அவள் தமிழில் கேட்டாள்.

அவன் ஹேரத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே அவனுடைய வாப்பா, தொப்பியைக் கையில் கசக்கியபடி நின்றிருந்தார்.

"இல்ல மிஸ்."

சத்தியபாமா முதல் படிவத்தை இழுத்தாள். யோகேந்திரன். வலது மணிக்கட்டு முறிவு. காரணம் என்ற இடத்தில் தன் பெயரையும் இலக்கத்தையும் எழுதினாள்.

"பார், உனக்கும் ஒன்று இருக்கிறது," என்றார் ஹேரத். "இரண்டையும் படியிலேயே முடித்துவிடலாம்."

அவள் இரண்டாவதை இழுத்தாள். விரல்கள் இரண்டு, வலக்கை. நேரம், காலை 9.30. இடம், இந்த நிலையத்தின் பின்னறை. சார்ஜன்டின் பெயர். அதற்கு மேலே ஹேரத்தின் பெயர், பதவியோடு, முழுதாக.

கையெழுத்திட்டு, தாளை எடுத்து, இப்ஹாமின் இடக்கையில் கொடுத்தாள்.